அக்காவின் நல்ல இலை

என் அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் வைத்த பட்டப்பெயர் 'ஆஸ்பத்திரி'. அவள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஜன்னலிலும் பால்கனியிலும் தொட்டி வைத்து அழகு பார்ப்பவர்களுக்காக வாசனைச் செடிகளும் வண்ண இலைச் செடிகளும் வளர்த்து விற்கிற ஒரு பெரிய நாற்றுப்பண்ணை அது. அங்கே நோய் கண்ட இலைகளைச் சோதிக்கிற அறை அவளுடையது. புதினா இலையில் திட்டுத்திட்டாக மஞ்சள் விழுந்தாலும், சேஜ் என்கிற வாசனைச் செடியின் இலையில் வளையம் வளையமாகப் புள்ளி வந்தாலும், லாவண்டர் குருத்து காரணமில்லாமல் சுருண்டாலும், அந்த இலையை ஒரு பையில் போட்டு அவளிடம் அனுப்புவார்கள். எந்த வைரஸ் என்று அவள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது; பிடுங்கி எரிப்பது ஒன்றுதான் வழி. ஆகவே நல்ல சேதி எதிர்பார்த்து அவளிடம் யாரும் வருவதில்லை. நடைபாதையில் அவள் தலை தெரிந்தாலே தள்ளுவண்டிக்காரர்கள், "ஆஸ்பத்திரி வருது, ஒதுங்கு ஒதுங்கு" என்று கேலி செய்வார்கள். கேலிதான், ஆனாலும் வண்டியை நிஜமாகவே ஒதுக்கிவிடுவார்கள்.

ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. இந்த வைரஸ்களில் பலவும் நோயுள்ள இலையின் சாறு வழியாகப் பரவும். கையில் பட்டு, கத்தியில் பட்டு, சட்டையில் பட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். அதனால் பண்ணையில் ஒரு சட்டம்: நோய் இலையைத் தொடுகிறவர் நல்ல செடி இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. அதிலும் பண்ணையின் நடுவில் ஒரு கண்ணாடிக் கூடம் இருக்கிறது. விற்பனைக்குப் போகிற ஒவ்வொரு நாற்றும் அங்கே வளர்கிற மூலச் செடிகளிலிருந்து வெட்டிய கிளைதான். வேலை செய்கிறவர்கள் அதைத் 'தாய்வீடு' என்பார்கள். அக்கா அந்தத் தாய்வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. "எல்லாருக்கும் மாமியார் வீடுதான் ஆகாது, உனக்குத் தாய்வீடே ஆகல பாரு" என்று நான் சீண்டுவேன். சட்டம் என்றால் சட்டம் என்பாள்.

நான் அவளுடைய தங்கை. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷினைவிட வாய்தான் எனக்கு அதிகம் ஓடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எங்கள் இருவரையும் ஒரே அம்மா பெற்றாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் ஒரு நாளில் பேசித் தீர்ப்பதை அக்கா ஒரு மாதத்துக்கு வைத்துச் செலவழிப்பாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. ஒரு கட்டில், ஒரு மேஜை, துணி காயப்போட ஒரு கம்பி. செடியோடு பிழைக்கிறவள் வீட்டில் ஒரு பச்சை இலை இல்லையே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். வருகிறவர்கள் என்றால் நான்தான், வேறு யாரும் வந்ததில்லை. வீட்டுச் செடியில் பூச்சி இருந்தால் அது துணியில் ஒட்டிக்கொண்டு பண்ணைக்கு வந்துவிடும் என்று பதில் சொன்னாள்.

விடுமுறை நாளில் என் வீட்டுக்கு வருவாள். வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். என் பிள்ளைகள் சின்ன வயதில் அவளுக்கு வைத்த பெயர் 'கைகழுவுற பெரியம்மா'. கழுவிய பிறகும் என் பால்கனித் தொட்டிகளைத் தொட மாட்டாள்; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். அப்படியே பழகிப்போய்ப் பிள்ளைகளையும் தொடாமலே இருந்துவிட்டாள். செடியின் வைரஸ் மனிதர்களுக்கு ஒட்டாது என்று அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னாலேயே பாவமாகவும் இருக்கும்.

ஒரு தடவை கல்யாணப் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரரின் சிநேகிதர், வங்கியில் வேலை, தங்கமான மனிதர். அவளைப் பார்க்க வரும்போது, செடி ஆராய்ச்சி செய்கிற பெண்ணாயிற்றே என்று யோசித்து யோசித்து ஒரு பூந்தொட்டி வாங்கி வந்தார். அக்கா கதவைத் திறந்தாள், இலையைப் பார்த்தாள், "இதை வெளியிலயே வெச்சிடுங்க, வைரஸ் இருக்கு" என்றாள். தொட்டியோடு தானும் வெளியில் நிற்பதா, உள்ளே வருவதா என்று தெரியாமல் மனிதர் திருதிருவென்று விழித்தார். அன்றைய பேச்சு தேநீரோடு முடிந்தது. நான் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருக்கிறதை இல்லை என்று சொல்லச் சொல்கிறாயா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

சோதனை அறையில் முன்பு அவளோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அப்போது வேலை மெதுவாக நடக்கும். நோய் இலையைச் சின்னக் கல்வத்தில் போட்டு அரைத்துச் சாறு எடுப்பார்கள். வேறொரு செடியின் இலைமேல் மாவு போன்ற மணல்பொடியைத் தூவி, அந்தச் சாற்றை விரலால் தேய்ப்பார்கள். பொடி போட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக வைரஸ் உள்ளே போகும். பல நாள் கழித்து அந்த இலையில் புள்ளி விழுந்தால் நோய் உண்டு என்று பொருள். இப்படி நோயை வாங்கிக் காட்டுவதற்கென்றே வளர்க்கிற செடிகளுக்குச் சோதனைச் செடி என்று பெயர். பிறகு தட்டுச் சோதனை வந்தது. குழி குழியாக இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் சாற்றை விட்டு, மருந்துகளை ஒவ்வொன்றாக ஊற்றினால், நோயுள்ள குழி மறுநாளே மஞ்சளாகிவிடும். மூன்று பேர் வேலை ஒருவர் வேலையாயிற்று. மற்ற இருவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். கேன்டீனில் சோதனை அறைக்காரர்களுக்கென்று மூலையில் தனி மேஜை உண்டு. அதில் அக்கா மட்டும் மீதியானாள். காலியான நாற்காலிகளை மற்ற மேஜைக்காரர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள், திரும்பக் கொண்டுவந்து போட மாட்டார்கள்.

தாய்வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அக்காவைவிடச் சற்று மூத்தவர். மனைவி இறந்து வெகுகாலமாயிற்று. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். தாய்வீட்டுக்காரர் என்பதால் பண்ணையில் அவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் 'தாய்மாமன்' என்றே கூப்பிட்டார்கள். அவருடைய கூடத்துக்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதில் இடுப்புக்கு மேலே கண்ணாடி. பேசுவதற்கு டிக்கெட் கவுன்டரில் இருப்பதுபோல் சல்லடை வைத்த ஒரு வட்டம். அதன் கீழே, இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு பெட்டி. அந்தப் பக்கத்திலிருந்து அவர் இலையோ செடியோ வைத்தால் இந்தப் பக்கம் அக்கா எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு துரும்புகூட அந்தப் பக்கம் போகக் கூடாது.

மாலைத் தேநீருக்கு எல்லோரும் கேன்டீனுக்குப் போவார்கள். தாய்மாமன் போக மாட்டார். வெளியே போனால் திரும்ப உள்ளே வர உடை மாற்றி, கால் கழுவி, ஆயிரம் சடங்கு. பிளாஸ்கில் கொண்டுவந்ததை அங்கேயே குடிப்பார். அக்காவுக்கோ கேன்டீன் மூலை மேஜை வெறுத்துவிட்டிருந்தது. ஒருநாள் அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார், இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அப்புறம் அது தினமும் நடந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. மகளின் புது வீடு, அவருக்கு விடியற்காலையில் கலைந்துபோகிற தூக்கம், இவளுடைய மாடிவீட்டுக் குழாயில் தண்ணீர் வராத கதை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே, "அவர் சொன்னாரு" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாள். எந்த 'அவர்' என்று நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

வெளியில் எங்காவது சந்தித்துப் பேசலாமே, வயசுப் பிள்ளைகளா நீங்கள் என்று நான் நச்சரித்தேன். மாட்டேன் என்றாள். மறுநாள் காலையில் அவர் தாய்வீட்டுக்குள் போக வேண்டும்; தன் துணியில் ஒட்டியிருப்பது ஏதாவது அவர் சட்டைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்றாள். சட்டம்கூட அவ்வளவு சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேநீர் நேரத்துக்காகவே அவள் காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டு கிளம்பினாள் என்பது எனக்குத் தெரியும். அவள் வாழ்க்கையில் அவளோடு உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அவர்தான். நான் இருக்கிறேனே என்று கேட்பீர்கள். நான் பேசுவேன், அவள் கேட்பாள். அது வேறு.

ஒருநாள் தாய்மாமன் பெட்டிக்குள் ஒரு தொட்டி வைத்தார். சாதாரணப் பச்சைப் புதினா, தளதளவென்று இருந்தது. "இது சோதனைக்கு இல்லீங்க. உங்களுக்கு" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இல்லாததால் அக்கா அதைச் சோதனை அறை ஜன்னலில் வைத்தாள்.

இங்கேதான் ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். புதினாவுக்கு ஒரு கெட்ட புத்தி: நோய் இல்லாவிட்டாலும் அதன் சாறு தட்டில் கொஞ்சம் மஞ்சள் காட்டும். அதனால் ஒவ்வொரு தட்டிலும் நோயே இல்லாத ஒரு செடியின் சாற்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். அதைவிடப் பல மடங்கு அழுத்தமாக மஞ்சள் வந்தால்தான் நோய். அந்த ஒப்புப் பார்க்கிற இலையை அவர்கள் 'நல்ல இலை' என்பார்கள். நல்ல இலைக்கான செடியை விதை போட்டு, மூடிய அலமாரிக்குள், யார் கையும் படாமல் வளர்க்க வேண்டும். புதினா விதை பாதி முளைக்காது. முளைத்ததும் நோஞ்சானாக நிற்கும். அக்கா வருஷக்கணக்காக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செடி, தாய்வீட்டிலிருந்து வந்தது, அவர் கையால் வளர்ந்தது. அதைவிடச் சுத்தமான செடி உலகத்தில் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதையே நல்ல இலையாக வைத்துக்கொண்டாள்.

"இனிமே எல்லாப் புதினாவையும் நீங்க கொடுத்ததோடதான் ஒத்துப் பார்ப்பேன்" என்று அவரிடம் சொன்னாளாம். இதை என்னிடம் அவள் சொன்னபோது, இவளுக்கு இப்படியெல்லாம் பேச வருமா என்று வாயைப் பிளந்தேன். முன்பின் தெரியாத மனிதர் ஆசையாகக் கொண்டுவந்த தொட்டியை வாசலிலேயே நிறுத்தியவள், இந்தத் தொட்டியை மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சோதித்தால் அவரைச் சந்தேகப்பட்டதுபோல் ஆகும் என்று நினைத்தாள்.

அடுத்த வருஷம் தாய்வீட்டில் ஒரு புதினாக் கிளை மட்டும் புது மாதிரியாகத் துளிர்த்தது. பச்சை இலையில் நரம்புகள் மட்டும் பொன்னிறமாக, வலை பின்னினாற்போல் இருந்தன. தாய்மாமன் அதை வெட்டி வேர்விட வைத்தார். வந்த இலையெல்லாம் அதே பொன் வலை. பண்ணை முதலாளியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. 'தங்க வலை' என்று பெயர் வைத்து உடனே விற்பனைக்கு அனுப்பப் பார்த்தார். நரம்போடு ஓடுகிற மஞ்சளைக் கண்டால் வைரஸ்காரர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டும். அக்காவும் முறைப்படி சந்தேகப்பட்டாள். தட்டில் தங்க வலையின் சாற்றை விட்டாள், பக்கத்தில் நல்ல இலையின் சாற்றை விட்டாள். இரண்டு குழியிலும் ஒரே மஞ்சள்; புதினாவின் வழக்கமான கெட்ட புத்தி என்று எடுத்துக்கொண்டாள். நோய் இல்லை, பிறவி நிறம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய்மாமன் குழந்தை மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்ததே இல்லை. சில வருஷங்களில் தங்க வலை இல்லாத பால்கனியே இல்லை என்றாயிற்று. என் வீட்டிலும் ஒன்று இருந்தது. பண்ணை வாசல் பலகையில் தாய்மாமன் தங்க வலைத் தொட்டியை ஏந்திக்கொண்டு சிரிக்கிற படம் வைத்தார்கள்.

அதன் பிறகு தாய்வீட்டில் தங்க வலைக்குப் பக்கத்துப் பலகையிலிருந்த சேஜ் செடிகளில் வளையப் புள்ளி வந்தது. அக்கா தட்டிலும் பார்த்தாள், பழைய முறையில் சோதனைச் செடியிலும் தேய்த்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையே சொன்னன, வளையப்புள்ளி வைரஸ். எங்கிருந்து வந்தது? சுற்றியிருந்த எல்லாச் செடியையும் சோதித்தாள். தங்க வலை வழக்கம்போல் சுத்தம் என்றது தட்டு. மனசு கேட்காமல் தங்க வலையின் இளங்குருத்துச் சாற்றையும் சோதனைச் செடிகளில் தேய்த்தாள். புதினாவின் காரத்தில் வைரஸ் பெரும்பாலும் செத்துப்போகும். அதனால்தான் யாரும் புதினாவை அப்படிச் சோதிப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு இலையில் புள்ளி விழுந்தது.

தட்டு இல்லை என்கிறது, செடி உண்டு என்கிறது. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாக வரவழைத்துப் பார்த்தாள். அப்போதும் தட்டு இல்லை என்றது. கடைசியில்தான் அவள் கண் ஜன்னலில் இருந்த நல்ல இலைத் தொட்டியின் பக்கம் போயிருக்கிறது. விதை போட்டாள். மூடிய அலமாரிக்குள் ஒரு புதினா தலையெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களிலும் தேநீர் நேரம் தவறாமல் வந்தது. அவர் மகள் வீட்டுச் சேதியைச் சொல்ல, இவள் சந்தேகத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு தலையாட்டினாள். அவள் பட்டதிலேயே பெரிய கஷ்டம் அதுதான் என்று பின்னால் சொன்னாள்.

விதைப் புதினா வளர்ந்ததும் மறுபடி தட்டு வைத்தாள். அதன் குழி வெளிறியிருந்தது. தங்க வலையின் குழி அழுத்தமான மஞ்சள். ஜன்னல் தொட்டியின் குழியும் அதே மஞ்சள். நோயை வெளியில் காட்டாமலே சுமக்கிற செடிகள் உண்டு. இத்தனை வருஷமாக அவள் நோயை நோயோடு ஒத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறது, ஆகவே நோய் இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் பண்ணையிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். கை கழுவவில்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது, அந்தப் பாதி போதும். வெளியில் சொன்னால் தாய்வீட்டில் ஒரு செடி மிஞ்சாது, அவர் ஆயுசில் பாதி எரியும். அதோடு அந்த ஸ்டூலும் அந்தத் தேநீரும் போகும். நான் தையலை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். நீ ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தானே, அப்புறம் வருகிறவர் கண்டுபிடிக்கட்டும், செடிதானே, மனுஷனா சாகிறான் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கு அந்தச் செடிகள் முக்கியமில்லை, இவள் மறுபடி அந்த மூலை மேஜைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

"அவர் தினமும் தங்க வலையை வெட்டுற கத்தியாலதான் மத்த செடியையும் வெட்டுறாருடி" என்றாள் அக்கா. "தெரிஞ்சே பார்த்துட்டு எப்படி உட்கார்ந்து டீ குடிக்கிறது?"

முதலாளியம்மாவிடம் போவதற்கு முன்பே தாய்மாமனிடம்தான் சொன்னாள். அவர் பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தங்க வலையில வைரஸ் இருக்குங்க. அந்த நிறமே அதனாலதான்."

"நீங்கதானே இல்லேன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன். ஒத்துப் பார்த்த இலையிலயே நோய் இருந்திருக்கு."

எந்த இலை என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக ஜன்னல் தொட்டியைப் பார்த்தார். "அப்போ நான் கொடுத்தது" என்றார்.

"நீங்க நல்ல மனசோடதான் கொடுத்தீங்க. சோதிக்காம வெச்சிக்கிட்டது நான்."

அவர் ஊற்றிய தேநீரைக் குடிக்காமலே எழுந்து உள்ளே போனார். முதலாளியம்மா ஆளைக் கூட்டி வைத்துக்கொண்டு அக்காவைக் கிழி கிழியென்று கிழித்தார். அவர் கோபத்தில் தப்பு சொல்ல முடியாது. வாங்கிய கடைகளுக்கெல்லாம் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்வது அவருக்குத்தானே அவமானம். ஆனால் அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த அறைக்கு வர வேறு ஆள் இல்லை. இனி எந்த நல்ல இலையும் விதையிலிருந்துதான் என்று அக்காவே எழுதிக் கொடுத்தாள்.

தாய்வீட்டைக் காலி செய்தார்கள். தங்க வலை மட்டுமில்லை, அதே கத்தி பட்ட எல்லாமே போயிற்று. மூட்டை மூட்டையாகக் கட்டிப் பின்பக்கத்து எரியுலைக்குக் கொண்டுபோனார்கள். தாய்மாமன் வேறு யாரையும் தொட விடாமல் ஒவ்வொரு செடியையும் தானே பிடுங்கினாராம். சோதனை அறைக்குள் புதினா எரிகிற வாசனை வந்துகொண்டே இருந்தது. அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் ஜன்னல் தொட்டியைப் பையில் போட்டுக் கட்டி அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். தாய்வீட்டைப் புதுச் செடிகளோடு, புது ஆட்களை வைத்துத் தொடங்குவதாக முடிவாயிற்று. தாய்மாமனை யாரும் போகச் சொல்லவில்லை, அவரே மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்.

போகிற நாளில் அவர் சோதனை அறைக்குள் வந்தார். தாய்வீடு காலியாகிவிட்டதால் சட்டமும் இல்லை. காப்பாற்ற ஒரு செடி இருந்தால்தானே. அத்தனை வருஷத்தில் அவள் அவரை இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறாள். அவர் ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். இவ்வளவுதான் அப்போது என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு இன்னும் சுருங்கியது. விடுமுறை நாளில் வருவாள், கழுவுவாள், உட்காருவாள், போவாள். 'அவர் சொன்னாரு' என்பது நின்றுபோனது. நானும் பல மாதம் பொறுத்துப் பார்த்தேன். பொறுமை எனக்குப் பிறந்த வீட்டிலும் கிடைக்கவில்லை, புகுந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. ஒருநாள் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் திறக்கிறாய், உனக்கு வேண்டியதைக் கேட்க அந்த வாய் எங்கே போயிற்று, அறைக்குள் வந்த மனுஷனைப் போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னாயா, ஊமையாக உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன தெரியும் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். இத்தனை வருஷமாக அவளைப் பற்றி மனதுக்குள் நான் போட்டுவைத்திருந்த தீர்ப்பு அது. அவள் தனியாக இருப்பது அவளால்தான் என்பது.

அக்கா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கேட்டேன்" என்றாள்.

"என்ன கேட்டே?"

"போகாதீங்க, என்கூட இருந்திடுங்கன்னு கேட்டேன்."

அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"உங்க மேல கோபமே இல்லன்னாரு. நீங்க சொன்னதுதான் சரின்னாரு. ஆனா உங்களைப் பார்க்கிறப்பல்லாம் அந்த உலைதான் கண்ணு முன்னாடி நிக்குது, தினமும் அதைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுன்னாரு."

அவரை நாலு வார்த்தை கேட்க எனக்கு வாய் துடித்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, திட்டாதே என்று கையைக் காட்டினாள். இதற்குத்தான் உன்னிடம் சொல்லவில்லை என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு அந்த மாடிவீட்டில் ஒண்டியாகக் கிடக்கிறாய், இன்றைக்கே துணியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு, பிள்ளைகள் ரூம் காலியாகத்தான் இருக்கிறது என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"வேணாம்டி" என்றாள். "இங்க எல்லாரும் இருக்கீங்க. இங்க வந்தா அவர் இல்லாதது இன்னும் நல்லாத் தெரியும்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். நானும் கூடவே தெருமுனைவரை போனேன். பஸ் வரும்வரை அவள் பக்கத்திலேயே நின்றேன்.